ஒரே அச்சில் வார்த்த செல்கள்

மாமனாரின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வலிக்காத ஒன்றுக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதா என்பது அவர் கட்சி. மருமகள் விடவில்லை. கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அவள் தொழில். கெஞ்சிக் கூத்தாடி அவரை லேபுக்கு வரவழைத்துக் குத்தியும் விட்டாள்.

தகட்டைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் ஓடினாள்.

அவருக்கு லேபில் ‘ஒப்பிடுக’ என்று பெயர். எந்த ரிப்போர்ட்டிலும் கடைசி வரியில் ‘நோயாளியின் நிலையோடு ஒப்பிடுக’ என்று எழுதி, பழியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்.

"எல்லாம் சின்னச் செல்லு. அடக்க ஒடுக்கமா இருக்கு. இதைப் போய் சந்தேகப்படுறியேம்மா! மாமனார் மேல அவ்வளவு கோபமா?"

"அடக்கமா இருக்கிறதுதான் சார் பயமா இருக்கு. லோ கிரேடு லிம்ஃபோமாவா இருக்கலாம். கட்டியை முழுசா எடுத்துப் பாக்கணும்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாதாரண வீக்கம்னு போடு. கீழ ஒப்பிடுகன்னு போடு."

அவள் போடவில்லை. வீட்டுக்குப் போய் மாமனாரிடம் பக்குவமாகச் சொன்னாள்.

"புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகம், மாமா. மெதுவா வளர்ற வகை. லோ கிரேடுன்னு சொல்லுவோம். சின்ன ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்துட்டா உறுதியா தெரிஞ்சிடும்."

புற்றுநோய் என்ற சொல் அவரை அசைக்கவில்லை. ‘லோ கிரேடு’தான் சுருக்கென்று தைத்தது. துணி ஆலையில் ஆயுள் முழுக்கத் தரம் பார்த்து முத்திரை குத்தியவர் அவர்.

"மட்டச் சரக்கா? என் உடம்புலயா? வர்றதுதான் வருது, கௌரவமா ஒண்ணு வரக்கூடாதா?"

"ஹை கிரேடுன்னா அது வேகமா பரவும், மாமா."

"ஒசத்தின்னா மோசம், மட்டம்னா தேவலையா? நல்ல படிப்பு படிச்சே போ! டேய், நீ என்னடா சொல்றே?"

கணவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "நீங்க சொல்றதும் சரிதான்பா. அவ சொல்றதும் சரிதான்."

மறுநாள் மாமனார் நேராக ஒப்பிடுகவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு அவள் மேஜைக்கு வந்தார். ஒப்பிடுகவும் கூடவே வந்தார்.

"பெரிய டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டார். ஆபரேஷனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் அவருடைய தகட்டை வைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்களே தரம் பாத்துச் சொல்லுங்க, மாமா."

பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா! ஒண்ணு போல ஒண்ணு, அச்சுல வார்த்த மாதிரி! இதுல என்ன குத்தம் கண்டே? கண்ணை மூடிக்கிட்டு முதல் தரம்னு முத்திரை குத்துவேனே!"

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் ஒப்பிடுக.

அவள் தகட்டை மாற்றினாள். சளி பிடித்து நெறிகட்டிய வேறொருவரின் செல்கள்.

"சீச்சீ! என்ன இது சந்தைக்கடை? நெட்டை, குட்டை, குண்டு... ஒருத்தன் குப்பையை வேற தின்னு உப்பிக் கிடக்கான்!"

"இதுதான் மாமா நல்ல கட்டி. கிருமியோட சண்டைன்னா எல்லா வகைச் செல்லும் ஓடி வரணும். உங்களுதுல ஒரே ஒரு செல்லு தன்னையே நகல் எடுத்து, வீடு முழுக்கத் தன் பிள்ளைகளையே குடிவச்சிருக்கிற மாதிரி தெரியுது. காவலுக்கு இருந்த மத்த ஆளுங்களைக் காணோம்."

மாமனார் தன் தகட்டை மறுபடி வைக்கச் சொன்னார். இந்த முறை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒப்பிடுகவைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் துணி பாத்தவன், ஏமாந்தேன். நீங்க எதைப் பாத்தீங்க, டாக்டர்?"

ஒப்பிடுகவுக்கு அவசரமாக ஒரு மீட்டிங் நினைவுக்கு வந்தது.

கதவு சாத்தப்பட்டதும் மாமனாரின் கை கழுத்துக்குப் போனது. "மயக்க மருந்து குடுப்பாங்களாம்மா?"

"குடுப்பாங்க மாமா."

"நீ பக்கத்துல இருப்பியா?"

"இருப்பேன்."

"உன் புருஷன்?"

"வெளியில நிப்பாரு."

"நிக்கட்டும். உள்ள வந்தா கத்தியும் சரிதான், கழுத்தும் சரிதான்னு சொல்லுவான்."