குறைகள் இரண்டாம் தாளில்

1

இந்தக் கதை ஒரு கையேட்டுப் பக்கத்திலிருந்து கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு நிரல் என்ன செய்யும், அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஒன்றேகால் பக்கக் குறிப்பு. 1996-ஆம் வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது அதைத் திருத்திச் சுத்தமாக்கிக் கொடுத்தேன். அந்தச் சுத்தத்தினால் தங்கபாய் என்ற பெண்ணுக்கு வேலை போனது.

'போனது' என்று முதலிலேயே எழுதிவிட்டேன். கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டு தொடங்கினால் படிப்பவர்களுக்கு ஆவல் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆவலை உண்டாக்க இப்போது தெம்பில்லை. தெரிய வேண்டியது ஒன்றுதான்: போன வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்க ஒரு வழி இருந்தது. அந்த வழி என் மேஜை வரைக்கும் வந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள், தேதி வாரியாக இல்லை:

"ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில் இரண்டு மணிச் சங்கு ஊதியபோது வெயில்

(சங்கும் வெயிலும் வந்ததும் கதைக்கு ஒரு சோகம் தானாக ஒட்டிக்கொள்கிறது. நான் எதுவும் செய்யாமலே கிடைக்கும் சோகம் வேண்டாம்.)

"மொட்டைக் கடுதாசிக்கு ஒரு மணம் உண்டு."

(பிரிண்டரில் வந்த கடுதாசி அது. மை மணம்தான் இருந்தது.)

"நான் கெட்டவள் இல்லை என்று

(இதை முடிக்க முடியவில்லை. அடிக்கவும் மனசு வரவில்லை. கிடக்கட்டும்.)

3

ஆலைக்கு இரண்டு இடங்கள். ராஜபாளையத்தில் தலைமை அலுவலகம். பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட். இரண்டு இடத்திலும் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர், நடுவில் ஒரு டெலிபோன் லைன். அங்கே தட்டினால் இங்கே பிரிண்டரில் அச்சாகும். தட்டியது யார் என்று இங்கிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிரல் போட்டிருந்தார் சௌந்தரபாண்டியன். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்த வகை நிரலை டீமன் என்பார்கள். கண்ணில் படாமல் பின்னால் இருக்கும். கேள்வி வந்தால் மட்டும் வாய் திறக்கும். "இந்த இணைப்பு யாருடையது?" என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லும்.

அதற்கு அவர் எழுதிய கையேட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆரம்பம் ஏறக்குறைய இப்படி: "இது சொல்கிற பெயரை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நுழையும்போது கொடுத்த பெயர்தான் இதற்குத் தெரியும். இப்போது யாருடைய கை தட்டுகிறது என்பது தெரியாது. இதை வைத்து யாரையும் பிடிக்காதீர்கள்." இவ்வளவும் சொன்ன பிறகுதான் நிரலின் பெயரே வந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை.

"சார், எடுத்த எடுப்புலயே நம்பாதீங்கன்னா பொறவு யாரு சார் மேல படிப்பா?"

"படிக்காட்டி நல்லது மேடம். அரைகுறையாப் படிச்சிட்டு நம்புறான் பாருங்க, அவன்தான் ஆபத்து."

"இதுக்குன்னு ஒரு வரிசை இருக்குல்லா சார். பேரு, உபயோகம், விவரம். குறைகள் கடைசில."

"இருக்கு. இல்லைங்கல." அவர் டீ டம்ளரை விரல் நுனியில் பிடித்து ஊதினார். "நீங்க எம்.ஏ. இங்கிலீஷ், நான் வெறும் டிப்ளமோ. எப்படி வேணாலும் வச்சுக்கிடுங்க. ஆனா அந்த நாலு வரி எங்கயாவது இருக்கணும்."

இருந்தது. நான் எடுத்துவிடவில்லை. நான்கு வரியை இரண்டாக்கினேன். 'யாரையும் பிடிக்காதீர்கள்' என்பது கையேட்டின் தொனியில் இல்லை என்று நீக்கினேன். மீதியைக் 'குறைகள்' என்ற தலைப்பில் கடைசியில் வைத்தேன். கையேட்டுப் பக்கங்களில் குறைகளுக்கு இடம் அங்கேதான். அந்த வழக்கத்தை உண்டாக்கியது நானல்ல.*

விவரத்தின் முதல் வரியாக நான் எழுதியது: "இந்த நிரல் ஓர் இணைப்பின் பயனரை அடையாளம் காட்டும்." ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருக்கும். அன்று சாயந்திரம் அந்த வரியை நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

அச்செடுத்தபோது குறைகள் மட்டும் இரண்டாவது தாளுக்குப் போயிருந்தன. தொடர்தாளை ஓட்டைக் கோட்டில் கிழித்து, இரண்டையும் ஃபைலில் கோத்து வைத்தேன்.

* 'அந்த வழக்கத்தை உண்டாக்கியது நானல்ல' என்பதை எத்தனை முறை எடுத்தாலும் மறுபடி எழுதிவிடுகிறேன்.

4

நூற்பாலையில் ஷிப்ட் மாறும்போது மிஷினை நிறுத்த மாட்டார்கள். நூல் நூற்கும் ஃப்ரேமை ஓட ஓட அடுத்த ஆளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். யூனிட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் அப்படியே பழகினார்கள். காலை ஆறு மணிக்குத் தங்கபாய் தன் பெயரில் கம்ப்யூட்டருக்குள் நுழைவாள். இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் கருத்தையா வந்ததும் எழுந்து இடம் விடுவாள். அவன் அவள் பெயரிலேயே பத்து மணி வரைக்கும் உற்பத்திக் கணக்கைத் தட்டுவான். ஓடுகிற மிஷினை எதற்கு நிறுத்துவது? யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பட்டிருக்காது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி நாலு நிமிஷத்துக்கு, தலைமை அலுவலகத்துப் பிரிண்டர் தானாக ஒரு கடுதாசியை அடித்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். எழுதியவர் பெயர் இல்லை. ரிங் ஃப்ரேம் பகுதிப் பெண்களின் கக்கூஸ் கதவில் மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. நின்றால், மிஷினை விட்டு வந்ததற்கு மெமோ. கடைசி வரி: முதலாளி வீட்டுப் பெண்களை ஒரு நாள் இங்கே அனுப்பிப் பார்க்கவும்.

தாழ்ப்பாள் மறுவாரமே போடப்பட்டது. சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னது யார் என்றுதான் கேட்டார்கள். கடுதாசி வந்தபோதே டீமனிடம் போயிருந்த கேள்விக்கு அது கொடுத்த பதில் பதிவில் இருந்தது: தங்கபாய்.

அந்த வாரம் கேண்டீனில் இதே பேச்சு.

"கம்ப்யூட்டரு குறி சொல்லிருச்சாம்லய்யா!"

"ஆமாலே. வெத்தல பாக்குகூட வைக்கலையாம். கேட்ட ஒடனே பேரச் சொல்லிருச்சு."

"அப்போ காணாமப் போன என் சைக்கிளக் கொஞ்சம் கேட்டுச் சொல்லச் சொல்லேன்."

நானும் சிரித்தேன். இந்தக் கதையின் முந்தைய பிரதிகளில் நான் சிரிக்காமல் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன்.

5

விசாரணையை நடத்தியவர் சோலைராஜ், ஆலையின் பெர்சனல் ஆபீசர். அவர் முன்னால் நான் திருத்திய கையேட்டுப் பக்கத்தின் நகல் இருந்தது. முதல் தாள் மட்டும். வேண்டுமென்றே இரண்டாவதை விட்டாரா, நகலெடுத்தவர் அவசரத்தில் விட்டாரா என்பது தெரியாது. அவரை வில்லனாக்கினால் கதை ஓடும் என்று ஒரு முறை ஆக்கிப் பார்த்தேன். உண்மையில் அவருக்கு அன்று நல்ல ஜலதோஷம், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

தங்கபாய் சொன்னாள்: "ரெண்டு மணிக்கு நான் எந்திரிச்சிட்டேன் சார். டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டுக் கார்டு அடிக்கிற வரிசைல போய் நின்னேன். ரெண்டு பன்னண்டுக்கு அடிச்சிருக்கு, பாருங்க."

"கடுதாசி ரெண்டு நாலுக்கு வந்திருக்கேம்மா. அப்போ நீ உள்ளதான இருந்த?"

"யூனிட்டுக்கு உள்ள இருந்தேன் சார். அந்த ரூமுக்குள்ள இல்ல."

"அப்போ மிஷினே தட்டிக்கிருச்சாக்கும்?"

யாரோ சிரித்தார்கள். கருத்தையாவைக் கேட்டார்கள். "நான் வரும்போது ஷிப்ட் மாறுற கூட்டம் சார், நாலஞ்சு பேரு நின்னாவ. யாரு என்னன்னு கவனிக்கல" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பிறகு என்னைக் கேட்டார்கள்.

"மேடம், இது நீங்க எழுதுனதுதான?"

"திருத்துனது சார்."

"சரி, திருத்துனது. பயனரை அடையாளம் காட்டும்னு போட்டிருக்கே. காட்டுமா, காட்டாதா?"

"காட்டும் சார். ஆனா—"

"அம்புட்டுதான் மேடம் வேணும்."

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 'ஆனா'வும் அதற்குப் பின்னால் உள்ள கோடும் நான் சேர்த்தவை. என்னை யாரும் இடைமறிக்கவில்லை. "காட்டும் சார்" என்றேன். சோலைராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று செத்த நேரம் பார்த்துக்கொண்டுகூட இருந்தார். நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியாயிற்று என்றுதான் அப்போது தோன்றியது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி.

6

(பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். கடுதாசியை எழுதியது தங்கபாயா?

ஒரு பிரதியில் அவள் எழுதவில்லை. அப்போது என் குற்றம் பெரிதாகி, என் வருத்தத்துக்கும் ஒரு கௌரவம் வந்தது. இன்னொன்றில் அவளே எழுதினாள், தைரியசாலியாக நின்றாள், டீமன் சொன்னதும் சரியாகிவிட்டது, என்மேலும் தப்பில்லை. இரண்டிலும் அவளை எனக்கு வசதியாக வளைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்பதே உண்மை.)

வேலை போய் இரண்டு மாதம் கழித்து அவள் ராஜபாளையம் வந்து என் அறை வாசலில் நின்றாள். லேபர் ஆபீசில் அப்பீல் போட்டிருக்கிறாளாம். சௌந்தரபாண்டியன் அதற்குள் பெங்களூரில் வேறு வேலைக்குப் போயிருந்தார். போவதற்கு முன்னால் அவளிடம் இரண்டாவது தாளைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

"அந்தத் தாளு ஆபீஸ் ஃபைல்லதான் இருக்குதாம்க்கா. அத எடுத்துத் தாங்கன்னு கேக்க வரல. இப்படி ஒரு தாளு உண்டு, ரெண்டும் சேந்ததுதான்னு ஒரு வரி. உங்க கையெழுத்து. அம்புட்டுப் போதும்னு யூனியன்ல சொன்னாவ."

"தங்கபாய், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காத. அத எழுதுனது..."

"அதக் கேக்கவாக்கா நான் பஸ் ஏறி வந்தேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. வரியையும் அவளே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். எனக்குச் சிரமம் வைக்கவில்லை. வாங்கிப் படித்தேன். பேனாவைத் திறந்தேன். 'ரெண்டாவது' என்றிருந்ததை 'இரண்டாவது' என்று மாற்றினேன். நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தேன். அப்புறம் பேனாவை மூடினேன்.

"திங்கக்கிழம வாயேன். யோசிச்சுச் சொல்லுதேன்."

"விசாரண வெள்ளிக்கிழமக்கா."

தாளை வாங்கி, நான் திருத்திய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாலாக மடித்தாள். "சரிக்கா, வாரேன்" என்று போனாள்.

பயம் என்று காரணம் எழுதினால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். பயம் பாதிதான். அந்த இரண்டாவது தாள் உண்டு என்று கையெழுத்துப் போட்டால், முதலில் இருந்ததை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்ற கேள்வி வரும். அது எழுத்தில் பதிவாவதை என்னால் சகிக்க முடியவில்லை. இதற்கு முன் எழுதிய பிரதிகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில் கை நடுங்கியது, ஒன்றில் நடுங்கவில்லை. அவள் கொண்டுவந்த தாளில் போடவில்லை.

7

முடிவுகள்:

அ. நான் பின்னாலேயே ஓடிப்போய், பஸ் கிளம்புவதற்குள் ஜன்னல் வழியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். (நன்றாக எழுதியிருந்தேன். பஸ் உறுமியது.)

ஆ. வெள்ளிக்கிழமை கருத்தையா எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். (என் வேலையை அவன் தலையில் கட்டுவது.)

இ. பல வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்க்கிறேன். பால்கோவா வாங்கித் தருகிறாள். பழைய பேச்சையே எடுப்பதில்லை. (இதைத்தான் அதிக நாள் வைத்திருந்தேன். பால்கோவாவோடு சேர்த்து மன்னிப்பையும் அவளிடமே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.)

ஈ. அப்பீல்

இல்லை. வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும்; ஊர் அப்படியொன்றும் பெரியதில்லை. நான் வேறு பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் வேலையை விட்டேன். ஆகவே அந்த வெள்ளிக்கிழமையை எழுத எனக்கு உரிமை இல்லை.

உங்களுக்கு இருக்கலாம். லேபர் ஆபீஸ் வராந்தாவில் தங்கபாய் காத்திருக்கிறாள். கையில் முதல் தாளின் நகல் இருக்கிறது. கையெழுத்து இல்லாத ஒரு வரி இருக்கிறது. உள்ளே அவள் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள். இதற்கு மேல் நீங்கள் எழுதுவதானால், அவள் பேச ஆரம்பிக்குமுன் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரச் சொல்லுங்கள். என் அறையில் ஒன்று காலியாகக் கிடந்தது. நான் சொல்லவில்லை.