தழும்பை மறைத்த காறை

தைராய்டு கட்டியை எடுத்தபின் தேவிப்பிரியாவின் கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு தங்கிவிட்டது. அவிநாசிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள் அவள். துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஒரு மாதம் பொறுத்த சூப்பர்வைசர் கிட்டுசாமி, மெஷினில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, இனி துப்பட்டா கூடாது என்றார்.

சங்கிலி போட்டுப் பார்த்தாள். அது நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் தன் பழைய கொலுசை எடுத்துக்கொண்டு தாராபுரத்தில் நகை செய்யும் ஆத்தப்பனிடம் போனாள். அவர் அதை உருக்கிக் காறை செய்து தந்தார். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் விறைப்பான வெள்ளி வளையம். பின்பக்கம் மட்டும் சிறிது இடைவெளி.

"விரிச்சு மாட்டாத கண்ணு, வாய் அகண்டு போயிரும். பக்கவாட்டுல நுழைச்சுத் திருப்போணும்" என்றார்.

முதலில் செய்தது சரியான வட்டம். மெஷினில் குனிந்தபோது மேலேறி மோவாயில் இடித்தது. மறுபடி போனாள். அவர் அதைக் காறையெலும்பின் சரிவுக்கு ஏற்பத் தட்டி, முன்பக்கத்தை அகலமாக்கினார். இப்போது தழும்பின் மேல் அசையாமல் உட்கார்ந்தது.

காலர் வைத்த சுடிதார் அதற்கு ஒத்துவரவில்லை. அகலக் கழுத்துத்தான் எடுப்பாக இருந்தது. தாலிக்கொடியை உள்ளே விட்டுக்கொண்டாள், வேறு சங்கிலி போடவில்லை, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டாள். கம்பெனியில் எல்லோரும் அதைப் புது ஃபேஷன் என்று நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

2007 ஆனியில் சாம்பிள் பிரிவின் தமிழ்மதி அவளிடம் வந்தாள். வெளிநாட்டுக்கு அனுப்ப அகலக் கழுத்து டாப் ஒன்றைப் பொம்மைக்குப் போட்டுப் படம் எடுக்க வேண்டும், கழுத்து வெறுமையாக இருக்கிறது, அரைமணி நேரத்துக்கு அந்தக் காறையைத் தர முடியுமா என்று கேட்டாள். சுற்றிலும் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க ஒரு காரணமும் தோன்றாமல் தேவிப்பிரியா கழற்றிக் கொடுத்தாள். பிறகு மோவாயைத் தாழ்த்திக்கொண்டு தைத்தாள்.

டீ நேரத்தில் பக்கத்து மெஷின் சுப்பாத்தாள் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போய், தழும்பைப் பற்றிக் கேட்டாள். தேவிப்பிரியா சொன்னாள். சுப்பாத்தாள் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் இங்க உருண்டையாட்டத் தட்டுப்படுதுங்க. ஊட்ல யாருகிட்டயும் சொல்லுல."

தேவிப்பிரியா அவள் கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கச் சொன்னாள். விரலுக்கடியில் ஒன்று ஏறி இறங்கியது. கட்டியை எடுக்கும் முன் தேவிப்பிரியாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"திங்கக்கிழமை லீவு சொல்லிருங்க்கா. நானும் வர்றேன்" என்றாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சுப்பாத்தாளின் கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். ஆடியில் அறுவை நடந்தது. கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்த நாளில் சுப்பாத்தாளின் புருஷன் தேவிப்பிரியாவுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொன்னார்.

புரட்டாசியில் சுப்பாத்தாள் வேலைக்குத் திரும்பினாள். ஆத்தப்பனிடம் அவளுக்கும் ஒன்று செய்யச் சொல்லட்டுமா என்று தேவிப்பிரியா கேட்டாள். வெயிலுக்குக் கசகசக்கும், வேண்டாம் என்றாள் சுப்பாத்தாள். கழுத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கட்டி எடுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தாள்.