ஓபேத்தின் தகப்பன்

ஊர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் மூன்றாவது ஏட்டைத் திறந்தபோது வெர்னாவுக்குக் கண் சொருகியது. விடியற்காலை நாலு மணிக்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனவள். வேலை முடிந்ததும் நாற்பது மைல் பனிச்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். எல்லாம் அண்ணன் ஹார்லனுக்காக. சிறுநீரகம் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கும் அவரால் இனி இவ்வளவு தூரம் வர முடியாது. இருபத்திரண்டு வருஷமாக அவர் தேடுவது ஒரே ஒரு ஆளைத்தான்: ஓபேத் வாடமின் தகப்பன்.

அவர்கள் வம்சத்தில் அதுவரை தெரிந்த மூத்த தலைமுறை ஓபேத். 1784இல் அவருக்குக் கல்யாணம் ஆனது சர்ச் பதிவில் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிவுகள் பாதிரியார் வீட்டோடு எரிந்துபோயின. ஆனால் இதே மாசச்சூசெட்ஸ் ஊரில் அந்தக் காலத்தில் கேப்டன் வாடம் என்றொருவர் வாழ்ந்திருக்கிறார். ஊர் மைதானத்தில் அவருக்கு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். ஓபேத் அவருடைய கடைசி மகன் என்று ஹார்லன் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். ஒரு வரி ஆதாரம்தான் பாக்கி.

"சர்ச் ஏடுதான எரிஞ்சுது? இந்த ஊர்க் கூட்டத்து ஏடு தப்பிச்சிருச்சு," என்றாள் அலுவலகக்காரி ஐடெல்லா. "இத யாரும் கேக்கறதில்லங்க. ஊருக்குச் செலவு வெப்பாங்கன்னு எந்தெந்த வெளியூர் ஏழைய வெரட்டுனாங்கன்னுதான் இருக்கும். அதுல தன் பாட்டன் பேரு கெடைக்கணும்னு எவன் ஆசப்படுவான்?"

வெர்னா விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனாள். 1766, பிப்ரவரி. மெர்சி என்ற வெளியூர்ப் பெண், நோயாளி, ஓபேத் என்ற நாலு வயது ஆண் குழந்தையுடன் வந்திருக்கிறாள். பதினான்கு நாளில் ஊரை விட்டுப் போகும்படி சொல்லப்பட்டது. அடுத்த பக்கத்தில், அந்தப் பெண் இறந்துபோனாள். சிறுவனை ஊருக்கு மிகக் குறைந்த செலவில் வளர்க்க ஒப்புக்கொண்ட கேப்டன் வாடமிடம், இருபத்தொரு வயதுவரை வேலை செய்ய ஒப்படைத்தார்கள்.

அவ்வளவுதான். பிள்ளைக்கு வந்தது வேலை வாங்கிய வீட்டின் பெயர்.

"கெடச்சிருச்சா?"

"ம்."

"மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலையே. நகல் எடுக்கட்டுமா?"

ஏட்டை மூடிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அண்ணன் கேப்டன் மகனின் வாரிசாகவே கண்ணை மூடுவார். யாருக்கு என்ன நஷ்டம்? வெர்னா ஏட்டின் அட்டையைப் பாதி மூடினாள். முழங்கால் வலித்தது.

"எடுங்க," என்றாள்.

வீட்டில் ஹார்லன் தாளைக் கண்ணுக்கு நெருக்கிப் பிடித்து இரண்டு முறை படித்தார்.

"வேலக்காரப் பய," என்றார்.

"நாலு வயசுண்ணே அவனுக்கு."

"இல்லன்னு சொல்லித் தொலச்சிருக்கலாம்ல நீ?"

"சொல்லியிருப்பேன். ஆனா அடுத்த வாரமே என்னப் பக்கத்து ஊர் ஏட்டத் தேடத் தொரத்தியிருப்ப. என்னால முடியலண்ணே."

அவர் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை, மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. வெர்னா சூப்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"எந்தப் பக்கமிருந்து வந்தாளாம்?" என்றார் வெகுநேரம் கழித்து.

"எழுதல."

"அவ குடும்பப் பேரு?"

"அதுக்கு எடம் விட்டிருக்காங்க. அப்பறம் எழுதவேயில்ல."

"கேக்க மறந்துட்டானுங்க."

"கேட்டிருப்பாங்க. சொல்ல அவளுக்குத் தெம்பு இருந்திருக்காது."

ஹார்லன் தலையை ஆட்டினார். அது ஒப்புக்கொண்டதா, தள்ளாட்டமா என்று வெர்னாவுக்குப் புரியவில்லை.

பனி அள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டு, அள்ளியதையெல்லாம் அவர்கள் வாசலில் குவித்துவிட்டுப் போனது. காலையில் அண்ணனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். வெர்னா கழற்றிய கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு மண்வாரியோடு இறங்கினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பனி ஈரத்தில் இறுகிக் கல்லாகக் கனத்தது. நாலு வாரலுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

அப்படி நின்றபோதுதான் பார்த்தாள். ஹார்லன் எழுந்து ஜன்னல்வரை வந்திருந்தார். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். அவர் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பின்னால், ஆளரவமில்லாமல் வெளுத்துக் கிடந்த சாலையின் இரண்டு கோடிகளையும், யாரோ நடந்து வருவதைத் தேடுபவர்போல, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.