வடிவியல் வழியாகத் திலக் நகர்

மும்பை தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தோல் பர்ஸ் தைக்கும் தௌசீப்பின் வீடு இருக்கும் சந்து, இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஜனவரி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து யாரையும் வெளியே விடவில்லை. உள்ளே வரலாம், போகத்தான் முடியாது. முதலில் போய்ப் பார்த்தவர் தௌசீப்தான். பர்ஸ் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தவர், கால் மணி நேரம் கழித்து எதிர்ப்பக்கமாக வந்து தன் வீட்டு வாசலிலேயே மூட்டையை இறக்கினார். மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது, பக்கத்து வீட்டுச் செண்பகவல்லியும் இட்லி வியாபாரத்துக்குக் கிளம்பிய பாத்திரத்தோடு அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். கூரை ஏறிப் போனவர்கள் ஏறிய கூரையிலேயே இறங்கினார்கள். ஏழு வீடு, முப்பத்தொரு பேர். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் நிலைமை தெரிந்துவிட்டது. காரணம் தௌசீப்பின் மனைவி ஹாஃபிஸாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஹாஃபிஸாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஏழாம் வகுப்புவரை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். எட்டாவதில் ஹிந்திப் பள்ளிக்கு மாறியதும் முக்கோணம் த்ரிபுஜ் ஆகிவிட்டது. அன்று நழுவிய கணக்கு அப்புறம் அவள் கைக்கு வரவே இல்லை. பத்தாவதில் ஃபெயில், அதே வருஷம் கல்யாணம். பிறகு பதிமூன்று வருஷம், பட்டறைக்கு மேலே நிமிர்ந்து நிற்க முடியாத பரணில் உட்கார்ந்து பர்ஸ்களுக்கு உள்துணி தைத்தாள். தனியாக பஸ் ஏறியது இரண்டே தடவை. கோவண்டியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்க்கும் சிநேகிதி சாயிரா, பத்தாவது பாஸ் என்றால் கவுன்டரில் உட்கார ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான், தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான ஃபாரத்தை ஹாஃபிஸா நிரப்பினாள். தௌசீப் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கணக்கு உனக்கு வராதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சுல்லா, காலி-பீலி சும்மா ஏன் அலையுத?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியே அவள் படிக்க ஆரம்பித்தாள்.

புத்தகத்தை வரிவரியாகப் படித்தால் தலையில் நிற்காது, எல்லாவற்றையும் ஒரே படமாக வரை என்று மொபைலில் ஒரு ஹிந்தி வீடியோ சொன்னது. நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து சின்னக் கிளைகள். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும், பர்ஸுக்குள் வைக்கும் கறுப்பு அட்டை ஒன்றை எடுத்து, தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவால் நடுவே வட்டம் போட்டாள். உள்ளே தமிழில் கணக்கு என்று எழுதினாள். எண்கள், இயற்கணிதம், வடிவியல் என்று மூன்று கிளை இழுத்தாள். அதற்கு மேல் எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. வெளியே சந்தின் உள்முனையும் அதேபோல மூன்றாகப் பிரிந்து, மூன்றும் பத்தடியில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன; மெயின் ரோட்டுப் பக்கம் போனவர்கள் மட்டும் சுற்றித் திரும்பிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாம் நாள் கோவண்டியிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தமிழ்செல்வன் விவரம் தெரியாமல் உள்ளே நுழைந்து, முப்பத்திரண்டாவது ஆளாகச் செண்பகவல்லி வீட்டு மாடியில் தங்கினார். அதன் பிறகு யாரும் உள்ளே வரவில்லை. மளிகைக் கடைக்காரர் சந்து முனையில் நின்று பொட்டலங்களை உள்ளே உருட்டிவிடுவார். நான்காம் நாள் ஹாஃபிஸா அட்டையைக் காட்டி உண்மையைச் சொன்னாள். தௌசீப் அதை வாங்கி நான்காகக் கிழித்தார். உடனே மூன்று சந்தும் போய், ஏழு வீட்டு நிலைவாசலையும் செங்கல் சுவர் அடைத்துக்கொண்டது. தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடை போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்றது. அவர்கள் மகள் பரீஹா இருமத் தொடங்கினாள். ஹாஃபிஸா வேறொரு அட்டை எடுத்து, வட்டம் போட்டு மூன்று கிளையையும் இழுத்த பிறகே வாசல் திறந்தது. கிழிக்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அவசரத்தில் அவளும் ஒரு தப்பு செய்தாள். வீடியோவில் இருந்த படத்தை ஏழு கலரில் அப்படியே காப்பி அடித்தாள். மறுநாள் காலையில் அகலமான, பெயின்ட் அடித்த புதுத் தெரு ஒன்று வந்திருந்தது. தமிழ்செல்வன் காலி சிலிண்டரோடு வேகமாக நடந்து அதில் நெற்றியை இடித்துக்கொண்டார். தெரு சுவரில் வரைந்தது. "பாபி, இது சும்மா டிசைன்," என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஹாஃபிஸாவிடம் வந்து சொன்னார்.

"கோடு போட்டாப் போதாது போலுக்கு," என்றாள் ஹாஃபிஸா. "எனக்குப் புரியணும்."

"அப்பம் புரிஞ்சிக்கோளா," என்றாள் செண்பகவல்லி. "உன் வீட்டுச் சோத்த நான் ஆக்குதேன்."

அன்றிலிருந்து உள்துணித் தையல் ஏழு வீட்டுக்கும் பிரிந்தது. தௌசீப் பாத்திரம் கழுவினார். ஹாஃபிஸாவைப் பரணிலிருந்து இறக்கி, பட்டறையில் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தார்கள். பதிமூன்று வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு நேரம் கிடைத்ததில்லை; இவ்வளவு பயமும் இருந்ததில்லை. அவள் புத்தகத்தை மூடிவைத்துத் தண்ணீர் குடித்தால்கூட யாராவது வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். தன்னுடைய மண்டைக்குள் மற்ற முப்பத்தொரு பேரையும் குடிவைத்துக் கதவைச் சாத்திவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. அவளுக்குத் தெரியாத இடத்துக்கு அவர்களில் ஒருவராலும் போக முடியாது.

எண்கள் முதலில் வந்தன. ஒரே அளவாகக் கூடிக்கொண்டே போகும் எண் வரிசை பிடிபட்ட அன்று எண்களுக்கான சந்தின் சுவர் விலகியது. தமிழ்செல்வன் அரை நாள் நடந்துவிட்டுத் திரும்பினார். நான்கு நான்கு அடியாகக் கூடிய தூரத்தில் கதவுகள் வந்துகொண்டே இருக்கின்றன, முடிவே இல்லை என்றார். அடுத்து இயற்கணிதம். சமன்பாட்டில் இந்தப் பக்கம் செய்வதை அந்தப் பக்கமும் செய்ய வேண்டும் என்று அவளுக்கு விளங்கியதும் அந்தச் சந்தும் நீண்டது. ஆனால் எவ்வளவு தூரம் போனார்களோ அவ்வளவு தூரம் வளைந்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டது. மிச்சம் இருந்தது வடிவியல். அது பத்தடியிலேயே நின்றது. பிப்ரவரி பாதி தாண்டியும் ஒரு விரல் நகரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஹாஃபிஸா சாப்பிடுவதைக் குறைத்தாள். தௌசீப் ஒருநாள் அந்தச் சுவரில் கையை வைத்து நின்றுவிட்டு வந்தார். "கணக்கு உனக்கு வராதுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி மத்தியானம், தௌசீப் பர்ஸின் முக்கோண மூடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். பெரிய பர்ஸுக்கு ஓர் அச்சு அட்டை, சின்னதுக்கு ஓர் அச்சு அட்டை. கீழே விழுந்த சின்ன மூடியை எடுத்த ஹாஃபிஸா, அதைப் பெரிய மூடியின் ஒரு மூலையில் வைத்தாள். பொருந்தியது. அடுத்த மூலையில் வைத்தாள். மூன்றாவதில் வைத்தாள். பிறகு ஸ்கேலை எடுத்துப் பக்கங்களை அளந்தாள். மூன்றும் சரியாக இரண்டு மடங்கு.

"மூலை மாறவே இல்ல மச்சான். பக்கம் மட்டும்தான் வளருது."

"இதுவா கணக்கு? இத நான் பதினஞ்சு வருசமா வெட்டுதேன்."

"நீங்க வெட்டுதீய. ஏன்னு எனக்கு இப்பதான் தெரியுது."

த்ரிபுஜ் மறுபடி முக்கோணம் ஆனது. வடிவொத்த முக்கோணம் என்று அவள் அட்டையில் எழுதி, அதிலிருந்து கிளை இழுத்தாள், அதிலிருந்து இன்னொன்று, சாயங்காலத்துக்குள் வெள்ளி மை அட்டையின் விளிம்பைத் தொட்டது. சுவர் இருந்த இடத்தில் காற்று வந்தது. ஏழு வீட்டாரும் வாசலில் நின்றார்கள், யாரும் முன்னால் போகவில்லை. ஹாஃபிஸா போனாள். நேராகக் கொஞ்சம், செங்குத்தாக ஒரு திருப்பம், அப்புறம் சாய்வாக ஒரு நீளம். நான்கு நிமிஷத்தில் ரயில் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும் செம்பூர்ப் பக்கம், திலக் நகர். அவளுடைய பரீட்சைப் பள்ளியின் பின்சுவர் எதிரிலேயே இருந்தது. இதுவரை யாராவது அனுப்பித்தான் அவள் தெருவில் நின்றிருக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்வரை கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

மார்ச்சில் பரீட்சை எழுதினாள். மற்ற பாடங்கள் பாஸ். கணக்கில் முப்பத்தொன்று, நான்கு மார்க்கில் போயிற்று. சந்து மார்க்கைப் பார்க்கவில்லை, அப்படியே இருந்தது. ஜூலையில் மறுபடி எழுதி நாற்பத்துநான்கு வாங்கினாள். அதற்குள் கோவண்டி வேலையில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். ஹாஃபிஸாவுக்கு அடுத்த வருஷம் செம்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. காலையில் நான்கு நிமிஷம் நடந்து போகிறாள்.

மெயின் ரோட்டுக்குப் போகும் பழைய வழி திரும்பி வரவே இல்லை. முனைக் கடையில் தக்காளி வாங்க வேண்டுமென்றாலும் ஏழு வீட்டுக்காரர்களும் திலக் நகர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து தாராவிக்கு வந்துதான் வாங்குகிறார்கள். பிறகு சந்து முனை வழியாக வீட்டுக்கு வருகிறார்கள். தௌசீப் மூட்டையைத் திலக் நகர் வழியாகத்தான் அனுப்புகிறார். தமிழ்செல்வன் இந்தச் சந்தின் சிலிண்டரைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார், அப்படியே திலக் நகரில் வெளியேறிப் பக்கத்திலிருக்கும் கோவண்டிக்கு வீடு திரும்ப வசதி. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதல் நாளே விவரம் சொல்லிவிடுகிறார்கள். வழியில் குறை என்று ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும், செங்குத்தாகத் திரும்பும் இடத்தில் கொஞ்சம் வழுக்கும்.