பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால்

சித்தப்பாவின் விளக்குப் பட்டறையில் எந்த வேலையும் ஒரே ஒரு நாற்காலியிலிருந்துதான் சரிபார்க்கப்படும். விழாவில் தலைமை விருந்தாளி உட்காரப்போகும் இடத்தில் அதைப் போட்டு, தானே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு "பிரமாதம்" என்பார். மற்ற பக்கங்களில் நிற்பவர்களுக்கும் கண் இருக்கிறது என்ற செய்தி அவரை எட்டவில்லை.

நகரச் சதுக்கத்து விளக்குச் சிற்பம் முழுக்க என் அக்காவின் யோசனை. கம்பிகளில் சிதறித் தொங்கும் குட்டி விளக்குகள், சரியான இடத்தில் நின்றால் மட்டும் ஒன்றுகூடி உருவமாகும், நகர்ந்தால் கலைந்துவிடும். கல்வெட்டில் "கருத்தும் ஆக்கமும்" என்பதற்குக் கீழே சித்தப்பாவின் பெயர் மட்டும் இருந்தது.

"என் பேர் எங்க சித்தப்பா?"

"நீ வேற, நான் வேறயாம்மா? எல்லாம் ஒரே குடும்பம்தானே."

அக்கா தலையாட்டினாள். அவள் சண்டை போடாமல் தலையாட்டினால், வீட்டில் என் சாமான்களை ஒளித்து வைத்துவிடுவது என் வழக்கம்.

"கடைசியா கொஞ்சம் சரி பண்ணணும்" என்று ஏணி கேட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கியதும் சித்தப்பா நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். சிறகு விரித்த பறவை. ஓர் இறகு பிசகவில்லை.

"பிரமாதம்."

திறப்பு விழா மாலையில் மேயர் பொத்தானை அழுத்தினார். மேடைக்கு நேரே பறவை மிதந்தது. சித்தப்பா மைக்கைப் பிடித்தார்.

"ஒவ்வொரு விளக்கும் என் கையால கட்டினது. வேற யாரும் தொட்டதில்ல."

பக்கவாட்டில், பேருந்து நிறுத்தத்தில் சிரிப்பு வெடித்தது. பாராட்டு என்று நினைத்து சித்தப்பா அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டார். சிரிப்பு இரட்டிப்பானது. மேயர் எழுந்து அங்கே போனார். மைக்கும் கையுமாகச் சித்தப்பா பின்னால் ஓடினார்.

அங்கிருந்து பறவை தெரியவில்லை. சித்தப்பா தெரிந்தார். விளக்குகளாலேயே, இரண்டு மாடி உயரம். மீசை, வழுக்கையை மறைக்க இழுத்து வாரிய முடி, எல்லாம் அச்சு அசல். ஒரு பெண்ணின் தோள்பையிலிருந்து சுருட்டிய வரைபடத்தை உருவிக்கொண்டிருந்தார்.

"இதையும் நீங்களேதான் கட்டினீங்களா?" என்றார் மேயர்.

"ஐயோ, இல்லங்க. இது எங்க அண்ணன் பொண்ணு வேல."

"எது? இந்தப் பக்கம் மட்டுமா?"

சித்தப்பா தன் உருவத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாமே. யோசிச்சது, வரைஞ்சது, கட்டினது... எல்லாம் அவதான்."

அக்கா வந்து, தாழ்ந்திருந்த மைக்கை அவர் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"மேடையில இருக்கறவங்களுக்குக் கேக்கல சித்தப்பா."

மறுபடி சொன்னார். சதுக்கம் முழுக்க எதிரொலித்தது.

"இப்பவாவது அணைச்சிடும்மா" என்று கெஞ்சினார்.

தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"இருங்க, இவங்களும் பாத்துடட்டும்" என்றாள் அக்கா.