தோல்வி காணாதவரின் சட்டை

டாமியன் லோம்பே தன் பதினைந்தாவது பட்டத்தை வென்றபோது அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. அந்த ஆகஸ்டில் காற்று அதிகம், உருக்காலைக் கசடு மேட்டிலிருந்து புழுதி வாரி அடித்தது. இருந்தும் அவருடைய சர்வீஸ் ஒன்றுகூட வலையில் விழவில்லை என்று கசெங்கு சுரங்க டென்னிஸ் கிளப்பின் பதிவேட்டில் இருக்கிறது.

உயிரோடு இருந்தபோது அவர் உருக்காலையில் கிரேன் ஓட்டினார். 1977 முதல் 1990 வரை பதினான்கு வருடம் தொடர்ந்து கிளப்பின் சாம்பியன். எழுபது ஆட்டம், எழுபது வெற்றி. இழந்தவை இரண்டே செட்: ஒன்று மலேரியாவில் நடுங்கிக்கொண்டு ஆடியபோது, மற்றொன்று ஈசல் மழையில் மைதானம் முழுக்க இறகாய்க் கிடந்தபோது. இடது கைக்காரர். எங்கள் மைதானம் கறையான் புற்றை இடித்துக் கொண்டுவந்த மண்ணில் போட்டது. சாம்பல் நிறம், உருளை ஓட்டினால் தோசைக்கல் போல இறுகும். அந்த மண் அவர் பேச்சைக் கேட்கும் என்று கிளப் தலைவர் வில்பிரெட் முபாங்கா ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் சொல்வார். சுரங்கத்தில் ஆளெடுப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் முபாங்கா. எங்கள் ஊரில் வெயில் உச்சத்துக்கு ஏறும் அக்டோபரிலும் கோட்டு போடுகிறவர். வரவேற்பறையில் ஆறடி உயரத்துக்கு ஒரு மரப்பலகை செய்து, அதில் லோம்பேயின் சாதனைகளைத் தங்க வண்ணத்தில் எழுதவைத்து, அதன் கடைசி வரியாக ‘தோல்வி: இல்லை’ என்று போட்டவரும் அவரே. அவர் வாழ்க்கையில் ஒரு பந்தை ஒழுங்காக அடித்ததில்லை. ஆனால் அந்தப் பலகையின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்களில் ராக்கெட்டைப் பிடித்திருப்பது அவர்தான்.

1991 மார்ச்சில், பேருந்து நிலையத்து மாமரத்தடியில் முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது லோம்பே இறந்துபோனார். வலது பக்கம் முடிந்திருந்தது, இடது பக்கம் பாக்கி. முடிவெட்டுகிறவர் அடுத்த பக்கத்துக்குத் தலையைத் திருப்பியபோது அது தானாகத் திரும்பவில்லை. செத்தவருக்கு மிச்சத்தை வெட்டிவிட எவருக்கும் கை வரவில்லை. முபாங்கா கிளப் தொப்பியைத் தலையில் கவிழ்த்து விஷயத்தை முடித்தார். தலைநகரிலிருந்து அவர் வரவழைத்த சவப்பெட்டி பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, நீளம் நான்கு விரல் குறைவு. காலணியைக் கழற்றிவிட்டு மூடினார்கள்.

லோம்பே சிறுத்தைக் குலம். சிறுத்தைக்கு ஆட்டுக் குலம் கேலிமுறை. சிறுத்தை வீட்டில் சாவு என்றால் ஆட்டுக்காரர்கள்தான் குழி வெட்டுவார்கள், வெட்டிய குழியில் தாங்களே படுத்துக்கொண்டு ‘இது எனக்கு, நீ வேற எடம் பாரு’ என்பார்கள், செத்தவரின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் மாதிரியே நடந்து காட்டுவார்கள், அவர் வாங்கிய அடியையும் விட்ட குறட்டையையும் ஊரறியச் சொல்வார்கள். அழுதுகொண்டிருக்கும் கூட்டம் அழுதபடியே சிரிக்கும். இது நடக்காத சாவு எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் லோம்பேயின் அடக்கத்துக்கு ஒரு துணை அமைச்சர் வருவதாக இருந்தது. அமைச்சர் முன்னால் ஆட்டுக்காரர்கள் குழியில் உருண்டால் கிளப்பின் மானம் என்னாகும் என்று யோசித்த முபாங்கா, இடுகாட்டு வாசலில் காவல் போட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார். உள்ளே நான்கு மணிநேரம் சொற்பொழிவு. ‘அவர் மறையவில்லை’ என்றார் முபாங்கா. ‘அவர் என்றும் சாம்பியன்’ என்றார் அமைச்சர். கிளப் பொருளாளர் எழுபது ஆட்டங்களின் ஸ்கோரையும் வரிசையாக வாசித்தார். சவப்பெட்டிக்குள் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அந்த ஆகஸ்டில் ஒரு மரியாதைக்காகப் போட்டி அட்டவணையின் உச்சியில் அவர் பெயரை விட்டுவைத்தார்கள். முதல் சுற்றில் அவருக்கு எதிரே வந்தவர் ஒரு வங்கிக் குமாஸ்தா. ஒரு நிமிடம் மௌனம் நிற்பது, சும்மா ஒரு சர்வீஸ் போடுவது, ஆட்டம் உமக்கு என்று அறிவிப்பது, அதுதான் ஏற்பாடு. குமாஸ்தா போட்டார். பந்து திரும்பி வந்தது. கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே விழுந்து எழும்பியதை எடுத்துப் பார்த்தபோது கிணற்றிலிருந்து எடுத்தது போல் சில்லிட்டிருந்தது. அதில் சிவப்பு மண். எங்கள் மைதானத்தில் சிவப்பு மண் கிடையாது, இடுகாட்டில்தான் உண்டு. எதிர்ப்பக்கம் ஆளில்லை, பெருக்கிவிட்ட மண்ணில் வெறுங்கால் தடங்கள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முபாங்கா உயர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஸ்கோர் சொன்னார். சாயங்காலம் செயற்குழு கூடி விதிப்புத்தகத்தைப் புரட்டியது. ஆட்டக்காரர் சந்தா கட்டியிருக்க வேண்டும், வெள்ளை உடுத்தியிருக்க வேண்டும் என்று இருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உடையைப் பொறுத்தவரை எதிர்ச் சாட்சி இல்லாததால் வெள்ளை என்றே கொள்ளப்பட்டது.

அப்படி ஐந்து வருடம் போனது. ஐந்து பட்டம், இருபத்தைந்து வெற்றி, இழந்த செட் ஒன்றும் இல்லை. செத்த பிறகு அவர் ஆட்டம் மெருகேறியிருந்தது. தோற்றவர்களுக்கு ராக்கெட் பிடித்த கை மழைக்காலம் வரை சில்லிட்டுக் கிடந்தது. குமாஸ்தாவின் மனைவி அக்டோபர் முழுவதும் வெண்ணெய் டப்பாவை அவர் கையில் கொடுத்து வைத்தாள், ஒரு சொட்டு உருகவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் லோம்பேயிடம் தோற்பதற்கென்றே வந்தார்கள். பலகையில் வெற்றி தொண்ணூற்றைந்து ஆனது. முபாங்கா புதிய கோட்டு தைத்துக்கொண்டார்.

சட்டை மட்டும் எஸ்னாத் வீட்டுக்கு வந்தது. எஸ்னாத் லோம்பேயின் மனைவி. அவர் ஆடிய ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவள் கொல்லைக் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கும். வேர்வையில் நனைந்து, முதுகில் சிவப்பு மண் அப்பிக்கொண்டு. முதல் தடவை அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். விடியும்வரை கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் நிற்கவில்லை. காலையில் எடுத்துத் துவைத்தாள். துவைத்துக் காய்ந்தால் தானாகப் போய்விடும். சம்ஃபியாவில், ஏரிக்கரையில், மீன் காயப்போட்டு விற்கும் அக்கா அவளுக்கு ஒரு கட்டிலைப் போட்டு வைத்துக்கொண்டு ‘எப்ப வர்ற, எப்ப வர்ற’ என்று ஆளனுப்பிக்கொண்டிருந்தாள். போக முடியவில்லை. துக்கம் முடிந்தது என்று சொல்லி, விதவையின் கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்துவிட வேண்டியவர்கள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள். வந்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். சட்டை வீட்டுக்கு வருகிறவரை அவள் விதவை இல்லை, மனைவி; மனைவி புருஷன் வீட்டை விட்டு எங்கே போவது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொடுத்த களியையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வருடாவருடம் இதே தீர்ப்பு, இதே சாப்பாடு.

1996 ஜூலையில் எஸ்னாத் கிளப்புக்குப் போய் கெசியாவைப் பார்த்தாள். கெசியா மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டும் பெண், ஐம்பது வயது, ஆட்டுக் குலம். ஐந்து வருடம் முன்பு இடுகாட்டு வாசலில் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டவர்களில் ஒருத்தி.

“இருபத்திரண்டு வருஷம் உயிரோட இருந்தவன் சட்டையத் துவைச்சேன். போதாதா? செத்தவன் சட்டையையும் நானேதான் துவைக்கணுமா?” என்றாள் எஸ்னாத்.

“எஸ்னாத், அவர் மேல தப்பில்ல. நாலு மணிநேரம் ஒக்கார வெச்சு நீ பெரிய ஆளு, நீ பெரிய ஆளுன்னே சொன்னா எவன் எந்திரிச்சு வரமாட்டான்? அவரை ஒருத்தரும் திட்டல. செத்துட்டோம்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப வா, குழிமேட்டுல போய்த் திட்டு.”

“அங்க இருந்தாத்தானே திட்டறதுக்கு? மைதானத்துல இல்ல இருக்காரு.”

மைதானத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது பார்க்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. இருமினாலே முபாங்கா நாற்காலியிலிருந்து முறைப்பார். ஆடுகளத்துக்குள் பேச வேண்டுமானால் ஆட்டக்காரராக இருக்க வேண்டும். கெசியா அன்றே போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். முபாங்கா விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஊழியர்களும் உறுப்பினர்கள் என்று அவரே ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் எழுதிச் சேர்த்திருந்தார். ஆணாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுத மறந்த புத்தகத்தில் இதை மட்டும் எதிர்பார்ப்பது அதிகம்.

புதிதாகச் சேர்ந்தவள் என்று அட்டவணையில் அவளை லோம்பேக்கு எதிரே போட்டார்கள். ஆகஸ்டில் முதல் சுற்று, சனிக்கிழமை காலை பத்து மணி. கெசியா இடுப்பில் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் தெளிக்கிற ரப்பர் பூட்ஸோடு, பாய் தட்டும் பழைய ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எஸ்னாத் கறுப்புத் தலைத்துணியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முதல் செட்டில் ஐந்து கேம் மளமளவென்று போயிற்று. அவர் அடித்த ஒரு பந்தைக்கூடக் கெசியா தொடவில்லை. ஐந்துக்குச் சைபர் என்றார் முபாங்கா, திருப்தியாக. இருவரும் பக்கம் மாற வேண்டிய நேரம். வெறுங்கால் தடங்கள் வலைக் கம்பத்தைச் சுற்றி வந்தபோது கெசியா அவற்றுக்குக் குறுக்கே நின்றாள்.

“யோவ் சிறுத்தை, எங்க போற? வெறுங்கால்ல ஆடறியே, பூட்ஸ் எங்கய்யா? சொல்லட்டுமா? பொட்டி பத்தலன்னு உருவிட்டாங்க. சாம்பியனுக்கு வாங்கின பொட்டியில கோழியத்தான் படுக்க வைக்கலாம்.”

“ஆட்டக்காரர் அமைதி காக்கவும்!” என்றார் முபாங்கா.

“ஐயா, நீங்க ஸ்கோர மட்டும் சொல்லுங்க, அதுதான் ஒங்களுக்கு வரும்.” அவள் திரும்பவும் காற்றைப் பார்த்துக்கொண்டாள். “தொப்பியக் கழட்டு. வெக்கமா? பாதித் தலைதானே வெட்டியிருக்கு. முடிவெட்டற ஆளு மீதிக்கு அஞ்சு வருஷமா கத்திரிய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். அரைத்தலையனுக்குப் பட்டம் ஒரு கேடு. செத்தவன்யா நீ. செத்து, புழுவுக்குச் சாப்பாடாப் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. வீட்டுல பொம்பள ஒன் அழுக்குச் சட்டையத் துவைச்சுத் துவைச்சுக் கை தேஞ்சு நிக்கறா. போய்ப் படுய்யா.”

முதலில் சிரித்தது நான்தான் என்று இப்போது பலர் உரிமை கொண்டாடுகிறார்கள். எஸ்னாத் என்பதே சரி. தலைத்துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிறகு மொத்தக் கூட்டமும். ஐந்து வருடம் முன்பு இடுகாட்டில் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு அத்தனையும் அன்றைக்கு வந்தது. அது அடங்கியபோது எதிர்ப்பக்கம் பந்து சர்வீஸுக்காக மேலே போனது. போன பந்து உச்சியிலேயே நின்றது. ஒரு தலையைக் கை தடவிப் பார்ப்பது போல ஏதோ உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வலது பக்கம் சொரசொரவென்று, இடது பக்கம் மெத்தென்று. பிறகு பந்து தொப்பென்று கீழே விழுந்தது.

அதற்கப்புறம் அவர் போட்ட சர்வீஸ் ஒன்றும் வலையைத் தாண்டவில்லை. அவள் கீழ்க்கையால் தூக்கிப்போட்ட பந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. ஏழுக்கு ஐந்து, ஆறுக்குச் சைபர், கெசியாவுக்கு. கடைசிப் புள்ளி முடிந்ததும் தடங்கள் வலைவரை வந்து நின்றன. கெசியா கையை நீட்டினாள். சில்லென்று இருக்கவில்லை, இப்போதுதான் களி உருட்டிச் சாப்பிட்ட கை மாதிரி சூடாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். தடங்கள் வாசலைத் தாண்டின. ஐந்து வருடமும் வீட்டுப் பக்கம் திரும்பியவை அன்று இடுகாட்டுச் சாலையில் போயின.

அன்று சாயங்காலம் எஸ்னாத் வாளியில் சோப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடி காலியாக இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். பெரியவர்கள் வந்து கொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தார்கள். அந்தத் தடவை சாப்பாடு இல்லை; கரி அடுப்பை அவள் ஏற்கெனவே மூட்டையில் கட்டி வைத்துவிட்டாள். கொடிக்கயிற்றை அவிழ்த்து அதையும் மூட்டையைச் சுற்றிக் கட்டி, சம்ஃபியா பேருந்தின் மேல் ஏற்றினாள்.

“கயிறு எதுக்கு, அங்க கெடைக்காதா?” என்றாள் கெசியா.

“மீன் காயப்போட வேணும்ல,” என்றாள் எஸ்னாத்.

முபாங்கா அந்தத் தோல்வியைப் பலகையில் ஏற்றவில்லை. செயற்குழுவைக் கூட்டி, அது காட்சி ஆட்டம் என்று தீர்மானம் போட்டார். ‘தோல்வி: இல்லை’ என்ற வரிக்கு மட்டும் புதிதாகத் தங்க வண்ணம் பூசப்பட்டது. மைதானத்தில் அதன் பிறகு லோம்பேயின் தடம் விழவில்லை. ஆனால் அடுத்த ஆகஸ்டில், முதல் சுற்று நடந்த அன்று சாயங்காலம், முபாங்கா வீட்டுக் கொடியில், அவர் மனைவி பிரிசிலாவின் போர்வைகளுக்கு நடுவில், ஈரமாக ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. முதுகில் சிவப்பு மண்.

“இது யாரு சட்டை?” என்றாள் பிரிசிலா.

அவர் சொன்னார்.

“நான் தொடமாட்டேன். ஒங்க சாம்பியன், நீங்களே துவைங்க.”

தூக்கி எறிந்து பார்த்தார். இன்னும் ஈரமாகத் திரும்பி வந்தது. எரித்துப் பார்த்தார், நெருப்பு அணைந்தது. எங்கே ஆடிவிட்டு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பலகையில் ‘இல்லை’ என்ற ஒரு வார்த்தையை மாற்றினால் போதும் என்று கெசியா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அது துணைக்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது; இதோடு பத்தொன்பது வருடம். சட்டை வரும்போதெல்லாம் கோட்டைக் கழற்றி மாமரக் கிளையில் மாட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துவைப்பார். சிவப்பு மண் கறைக்கு வெந்நீர் உதவாது, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வெயில் ஏறுமுன் அலசிவிட வேண்டும் என்று இப்போது அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவர்தான் சொல்கிறார்.