நிறைந்தே திரும்பும் பாட்டில்

விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்த லாரி சின்ன வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. இருபது பெண்கள் சிமென்டுத் தரையில் சாக்கை விரித்து, ஆளுக்கொரு குவியலை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். இடது கையில் வெங்காயம், வலது கையில் விரல் நீளக் கத்தி. தாளை ஒரு வெட்டு, வேரை ஒரு வெட்டு, கூடையில் ஒரு வீச்சு. செந்தோல் பறந்து வேர்த்த கழுத்தில் ஒட்டியது. தோல் பறக்கும் என்று சொல்லித்தான் திண்டுக்கல்லின் அந்த வெங்காய மண்டியில் பெண்களுக்கு மின்விசிறி கிடையாது. முதலாளி சோலைமுத்துவின் அறையில் இரண்டு ஓடின.

பேச்சாயி தாடிக்கொம்பிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். அவள் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் நிறைந்து வரும், மாலையில் நிறைந்தே வீடு திரும்பும். அந்த மண்டியில் எந்தப் பெண்ணும் வாய் நனைப்பதற்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை.

இடம் இருந்தது, பூட்டிக் கிடந்தது. கொட்டகை மூலையில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறைக்குள் மூன்று மாதமாகச் சிவப்பு வலைப்பைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. இலங்கைக்குப் போக வேண்டிய வெங்காயத்துக்காக வாங்கிய பைகள். அங்கே டாலர் தீர்ந்து, சனம் தெருவுக்கு வந்து, ஆர்டர் நின்றதும், பைகளுக்கு இடம் தேடிய முதலாளியின் கண்ணில் அந்த அறைதான் பட்டது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்?

பெண்கள் ரயில் பாதையோரத்துக் கருவேலம் புதருக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே சீட்டாடுகிற கூட்டம் வந்து குந்தியதும் அதுவும் இல்லை என்றானது. அடக்கி அடக்கிப் பேச்சாயிக்குக் காய்ச்சல் வந்தது, அடிவயிறு நெருப்பாய் எரிந்தது. "நிறையத் தண்ணி குடிக்கணும்மா, அடக்கவே கூடாது. மறுபடி இப்படி வந்தா கிட்னியப் பாதிச்சிரும்" என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். அவள் முதலாளியிடம் மூன்று முறை போய்க் கேட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்: "கொழும்பு சரியாகட்டும் தாயி."

அந்தத் திங்கள்கிழமை டீ வந்த நேரத்தில், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற சகாயசெல்வி தன் செல்போனை நீட்டினாள். மன்னாரில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய வீடியோ. ஜனாதிபதி ஓடிப்போன மாளிகையில் சனம் வெள்ளமாய் நின்றது. சிலர் நீச்சல் குளத்தில் குதித்தார்கள். சிலர் சுற்றிப் பார்க்க ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

"மாளிகையிலயும் வரிசையா?" என்று கேட்டாள் புவனேஸ்வரி, இருக்கிறவர்களில் இளையவள்.

"காஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு, பால் பவுடருக்கு வரிசை. பெட்ரோல் வரிசையில நிண்டு செத்தவையும் இருக்கினம். அந்தக் கால்தானே, இங்கயும் வரிசையிலதான் நிக்கும்" என்றாள் செல்வி.

"அப்ப இனி நல்லாருவாங்களா?"

செல்வி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "போரில எங்கட சனத்துக்கு மேல குண்டு விழுந்தப்போ, இதே கொழும்பிலதான் வெற்றியெண்டு வெடி கொளுத்திப் பாற்சோறு குடுத்தவை. இப்ப அவைக்கே பசிக்குது. ஓடினவன் ஓடிட்டான், பால்மா இன்னும் வரேல்ல எண்டு தங்கச்சி சொல்றாள்." போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பேச்சாயிக்கு ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. அங்கே ஒரு நாடே எழுந்து நின்றும் பால் இல்லை. இங்கே மூன்று மாதமாய் ஒரு கதவு திறக்கவில்லை. எழுந்து நான்காவது முறையாகப் போனாள்.

"மொதலாளி, அந்த ரூம மட்டும் ஒழிச்சுக் குடுங்க. பையை நாங்களே எடுத்து அடுக்கித் தாரோம்."

"வெளிய வச்சா மழையில நனையும். ஆர்டர் வந்தா எதுல போட்டு அனுப்ப?" சோலைமுத்து கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "எல்லாம் அந்த ஊர்க்காரனால வந்த வென. வேலையப் பாக்காம ஊர்வலம், கோஷம்னு போனான். நாடே நாசமாப் போச்சு."

"நாசமாப் போனதாலதான் ஊர்வலம் போனவை, மொதலாளி" என்றாள் செல்வி, கத்தியை நிறுத்தாமல். "ஒருத்தரையும் கேக்காம அரசாங்கம் ரசாயன உரத்தை நிப்பாட்டினது. வயல் காஞ்சுது. பிறகுதான் சனம் தெருவுக்கு வந்தது."

முதலாளி அவளை உற்றுப் பார்த்தார்.

"அகதியா வந்த எடத்துல அரசியல் பேசுறியா? முகாம் ஆபீஸ்ல ஒரு வார்த்த சொன்னேன்னு வையி, அடுத்த தடவ தலை எண்ணுற தணிக்கையில உம்பேரு இருக்காது."

செல்வியின் கத்தி நின்றது. எட்டு வயதில் படகில் வந்தவள். முப்பத்திரண்டு வருடமாகப் பதிவேட்டில் தன் பேர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே வாழ்கிறவள். தலையைக் குனிந்து மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

அந்தக் குனிந்த தலைதான் பேச்சாயியை உலுக்கியது. பிச்சை கேட்பதுபோல் நாலு முறை கேட்டதற்கு இதுதான் மிச்சம். தன் சாக்குக்கு வந்து பாட்டிலைத் திறந்தாள். அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மற்ற பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன பண்ற?" என்றார் முதலாளி.

"தண்ணி குடிச்சேன் மொதலாளி. இனிப் போகணும்ல. தொறக்குற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

சோலைமுத்து சிரித்தார். புவனேஸ்வரி தன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றபோது சிரிப்பு நின்றது. அடுத்து ஒருத்தி, அதற்கடுத்து ஒருத்தி. குடிக்கிற சத்தம்தான் கேட்டது. அறுக்காத வெங்காயம் குவிந்து கிடந்தது. சரக்கு ஏற்றிப் போகக் காத்திருந்த லாரி டிரைவர் அப்பாஸ் எட்டிப் பார்த்தார். "பத்து மணிக்குள்ள ஏத்தலைன்னா பெங்களூரு மார்க்கெட்டு போச்சு மொதலாளி."

"எவ எவ நிக்கிறீங்களோ நாளையிலருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். யாருக்கென்று தெரியவில்லை.

வரிசை கலையவில்லை. ஆனால் பத்தொன்பது பேர்தான். செல்வி தன் குவியலோடு உட்கார்ந்திருந்தாள். யாரோ முணுமுணுத்தார்கள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் பேச்சாயி. "செல்வி, நீ உக்காரு ஆத்தா. ஒனக்கும் சேத்து நாங்க நிக்கிறோம்."

செல்வி கத்தியைச் சாக்கின் மேல் வைத்தாள். பிறகு எழுந்தாள். தரையில் உருண்டு கிடந்த காலிப் பாட்டில்களைப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டு, தெருக்குழாய்க்குப் போனாள். முதலாளியின் ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும்; கடந்தாள். நிறைந்த பாட்டில்களைத் தலையில் சுமந்து வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

"வரிசை எண்டா கன நேரம் எடுக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு, கடைசி ஆளாகப் போய் நின்று தன் பாட்டிலைத் திறந்தாள்.

பேச்சாயிக்கு அடிவயிறு எரிந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. அவள் இன்னொரு வாய் குடித்தாள்.